அளக்க வேண்டியது எது? நோயாளியையும் கேளுங்கள்

மாணவர்களே, தமிழ்ப்பள்ளியில் படித்த மூன்று மாறிகள் நினைவிருக்கின்றனவா? நீர் சூடாக இருந்தால் சீனி விரைவாகக் கரையுமா என்று ஆராய்கிறோம். நாம் மாற்றுவது நீரின் வெப்பநிலை. அது தற்சார்பு மாறி. நாம் அளப்பது சீனி கரைய எடுக்கும் நேரம். அது சார்பு மாறி. நாம் மாற்றாமல் வைத்துக்கொள்வது சீனியின் அளவும் நீரின் கொள்ளளவும். அவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இடைநிலைப்பள்ளியில் இவற்றை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறீர்கள். பொருள் ஒன்றுதான்.

இப்போது ஒரு கேள்வி. இந்த மூன்று மாறிகளையும் யார் முடிவு செய்தார்கள்? பாடநூல் சொன்னது, நாம் செய்தோம். சீனிக்கு இதில் கருத்து எதுவும் கிடையாது. அதனிடம் யாரும் கேட்கவும் வேண்டாம்.

மருத்துவ ஆய்வு அப்படிப்பட்டதன்று. அங்கே ஆராயப்படுபவர் பேசத் தெரிந்த மனிதர். அந்த நோயோடு காலையில் எழுந்து, வேலைக்குப் போய், இரவில் படுப்பவர். ஆனாலும், எதைச் சோதிப்பது, எதை அளப்பது, எதைக் கட்டுப்படுத்துவது என்பதை நீண்ட காலமாக ஆய்வாளர்கள் மட்டுமே முடிவு செய்துவந்தனர். நோயாளிகளை அந்த மேசைக்கு அழைத்தபோது என்ன நடந்தது? மூன்று மாறிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

சார்பு மாறி: அளக்க மறந்த அசதி

முடக்குவாதம் என்னும் ருமட்டாய்டு மூட்டுநோயை எடுத்துக்கொள்வோம். கிருமிகளோடு போரிட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு மண்டலம், இந்த நோயில் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. மூட்டு வீங்கும், வலிக்கும், காலையில் இறுகிப்போகும்.

ஒரு புதிய மருந்து இந்த நோயில் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1990களின் தொடக்கத்தில் மூட்டுநோய் ஆய்வாளர்கள் கூடி, எல்லா ஆய்வுகளிலும் அளக்க வேண்டியவற்றுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டனர். வீங்கிய மூட்டுகள் எத்தனை, தொட்டால் வலிக்கும் மூட்டுகள் எத்தனை, வலி எவ்வளவு, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா, இரத்தத்தில் அழற்சியின் அறிகுறி எவ்வளவு என்பவை அதில் இருந்தன. நல்ல பட்டியல்தான். உலகின் பல நாடுகளில் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த அது உதவியது.

இத்துறையில் அளவுகோல்களை வகுக்கும் ஓமெராக்ட் என்ற பன்னாட்டு ஆய்வாளர் குழு 1992 முதல் இயங்குகிறது. 2002இல் அக்குழு தன் மாநாட்டிற்கு முதன்முறையாக முடக்குவாத நோயாளிகளை அழைத்தது. பத்துப் பேர் அளவிலான சிறு கூட்டம்தான். மருந்து வேலை செய்கிறது என்பதை நீங்கள் எப்படி உணர்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது.

அவர்கள் சொன்னவற்றில் முதன்மையான ஒன்று பட்டியலில் இல்லவே இல்லை. அதுதான் அசதி. நாள் முழுக்கப் பந்து விளையாடிவிட்டு வரும் களைப்பன்று இது. அந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இந்த அசதி தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருக்கும். முன்னறிவிப்பின்றி வந்து ஆளைச் சாய்த்துவிடும். மூட்டு வீக்கம் குறைந்த பிறகும் இந்த அசதி விடாவிட்டால், மருத்துவரின் தாளில் நோய் குறைந்திருக்கும். வீட்டில் அந்த மனிதர் இன்னும் எழுந்து சமைக்க முடியாமல் இருப்பார்.

இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. வீங்கிய மூட்டைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் எண்ணலாம். அசதியைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாததை அளவுகோலில் சேர்க்க அறிவியல் தயங்குவது இயல்பு. ஆகவே ஆய்வாளர்கள் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: அசதியை நம்பத்தக்க முறையில் அளக்க முடியுமா?

ஓர் அளவுகோல் நல்லதா என்று பார்க்க ஓமெராக்ட் மூன்று சோதனைகளை வைத்திருக்கிறது. அளக்க நினைத்ததைத்தான் அது அளக்கிறதா? நோய் கூடினாலும் குறைந்தாலும் அந்த வேறுபாட்டைக் காட்டுகிறதா? நடைமுறையில் பயன்படுத்த முடிகிறதா? கவனமாக வகுத்த கேள்வித்தாள்கள் மூலம் அசதியை அளக்கலாம் என்று தெரியவந்தது. 2006இல் கூடிய அதே மாநாட்டில், முடக்குவாத ஆய்வுகளில் இயன்ற இடமெல்லாம் அசதியையும் அளக்க வேண்டும் என்று உடன்பாடு காணப்பட்டது. பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள், நோயாளிகளின் சொற்களிலிருந்தே ஓர் அளவுகோலை உருவாக்கி 2010இல் வெளியிட்டனர். அதில் 20 கேள்விகள். உடல் அசதி, அசதியோடு வாழ்வது, சிந்தனையில் அசதி, உணர்வில் அசதி என்று நான்கு பக்கங்களை அது அளக்கிறது.

கவனியுங்கள். நோயாளிகள் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. சார்பு மாறியில் ஒன்று விடுபட்டிருப்பதைக் காட்டினார்கள். அளக்காத ஒன்று குணமாகிறதா என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது.

தற்சார்பு மாறி: எதைச் சோதிப்பது?

அடுத்தது, ஆய்வில் நாம் மாற்றிப் பார்க்கும் பொருள். மருந்தா, அறுவைச் சிகிச்சையா, உடற்பயிற்சியா?

முழங்கால் தேய்மானம் பற்றிய ஓர் ஒப்பீடு 2000இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதுவரை வெளிவந்த ஆய்வுகளை எண்ணிப் பார்த்தபோது, பெரும்பான்மையானவை மருந்துகளைப் பற்றியவை. நோயாளிகளிடம் கேட்டபோது அவர்கள் விரும்பியது வேறு. இயன்முறைச் சிகிச்சையும் அறுவைச் சிகிச்சையும் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும். நோயோடு சமாளித்து வாழ எது உதவும் என்று ஆராயப்பட வேண்டும் என்றார்கள். மருந்தைப் பற்றி இன்னும் ஆய்வு வேண்டும் என்றவர்கள் மிகச் சிலரே.

இந்த இடைவெளியைக் குறைக்க 2004இல் பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி தொடங்கப்பட்டது. ஜேம்ஸ் லிண்ட் யார் தெரியுமா? 1747இல் கப்பலில் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு உணவோ மருந்தோ கொடுத்து ஒப்பிட்ட கடற்படை மருத்துவர். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இணைதான் விரைவாகத் தேறியது.

அவர் பெயர் கொண்ட கூட்டணி செய்வது இதுதான். ஒரு நோயை எடுத்துக்கொள்ளும். நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தார், மருத்துவர்கள், தாதியர் எல்லாரிடமும், உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எது என்று கேட்கும். வந்து குவியும் கேள்விகளில் ஏற்கெனவே ஆய்வு விடை கண்டவற்றை நீக்கிவிடும். எஞ்சியவற்றை வரிசைப்படுத்த எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும். முடிவில் பெரும்பாலும் பத்து முதன்மைக் கேள்விகள் கொண்ட பட்டியல் வெளிவரும். அந்தப் பட்டியலை ஆய்வாளரும் பணம் கொடுப்பவரும் பார்த்து, அடுத்த ஆய்வைத் திட்டமிடலாம்.

கட்டுப்படுத்தப்பட்ட மாறி: நம்பிக்கை உடைந்தால் ஆய்வும் உடையும்

மூன்றாவது மாறியின் கதை இன்னும் கடுமையானது. 1980களில் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் பரவியபோது மருந்தே இல்லை. ஏஇசட்டி என்ற மருந்தைச் சோதிக்க 1986இல் 282 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு உண்மையான மருந்து; மற்றப் பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒப்பீடு நேர்மையாக இருக்க இது நல்ல முறை. ஆய்வு நிறுத்தப்பட்டபோது போலி மாத்திரை பெற்றவர்களில் 19 பேர் இறந்திருந்தனர். மருந்து பெற்றவர்களில் ஒருவர். 1987 மார்ச்சில் அமெரிக்க அரசு மருந்துக்கு ஒப்புதல் தந்தது.

இப்போது அந்த நோயாளியின் இடத்தில் இருந்து பாருங்கள். உங்கள் கையில் இருப்பது உயிர் காக்கும் மருந்தா, வெறும் மாவா? அந்நாளைய எய்ட்ஸ் மருந்து ஆய்வுகளில் சிலர் மாத்திரை உறையைத் திறந்து ருசித்துப் பார்த்தனர். சிலர் வேதியியல் சோதனைக்குக் கொடுத்தனர். சிலர் தமக்குக் கிடைத்ததை நண்பர்களோடு பங்கிட்டுக்கொண்டனர். ஆய்வாளரின் ஏட்டில் இரண்டு பிரிவுகள் இருந்தன. உண்மையில் அவை கலந்துபோயின. கட்டுப்படுத்த வேண்டிய மாறி கைவிட்டுப் போனால் கிடைக்கும் தரவை எப்படி நம்புவது?

நோயாளிகளும் நண்பர்களும் அமைப்பாகத் திரண்டனர். 1987இல் நியூயார்க்கில் ஆக்ட் அப் தொடங்கியது. 1988 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தின் முன் பெரும் மறியல் நடந்தது. மறியலோடு அவர்கள் நிற்கவில்லை, படிக்கவும் செய்தார்கள். ஐரிஸ் லாங் என்ற மருந்து வேதியியலாளர், மருந்து எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நோய் எதிர்ப்பியலும் புள்ளியியலும் படித்துக்கொண்டு வந்து ஆய்வாளர்களோடு வாதிட்டார்கள். நிமோனியாவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் ஆய்வில் சேரக்கூடாது என்று ஏன் விலக்குகிறீர்கள்? பலன் தரும் மருந்து ஒன்று இருக்கும்போது போலி மாத்திரை எதற்கு? பழைய மருந்தோடு புதியதை ஒப்பிடலாமே?

இவை கருணை கேட்கும் கேள்விகள் மட்டுமல்ல. ஆய்வு வடிவமைப்பைத் திருத்தும் கேள்விகள். 1990 வாக்கில் அமெரிக்க அரசின் எய்ட்ஸ் மருந்து ஆய்வுக் குழுக்களில் நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கு இடம் கிடைத்தது. 1994இல் அந்த ஆர்வலர்களில் ஒரு பிரிவினரே, புதிய மருந்துக்கு அவசரமாக ஒப்புதல் தர வேண்டாம், பெரிய ஆய்வு நடத்தி உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டனர். மருந்தைச் சீக்கிரம் கொடு என்று தொடங்கியவர்கள், நல்ல சான்றைக் கொடு என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

ஒரு வேற்றுமை உருபு செய்யும் வேலை

இலக்கண வகுப்புக்கு ஒரு நிமிடம் போய் வருவோம். நோயாளிகளை ஆராய்தல்: இரண்டாம் வேற்றுமை. நோயாளிகளுக்காக ஆராய்தல்: நான்காம் வேற்றுமை. நோயாளிகளோடு ஆராய்தல், நோயாளிகளால் ஆராயப்படுதல்: இவை இரண்டும் மூன்றாம் வேற்றுமை. நாம் இவ்வளவு நேரம் பேசியது மூன்றாம் வேற்றுமையைப் பற்றித்தான்.

ஆய்வில் இரத்தம் கொடுப்பவர், மாத்திரை சாப்பிடுபவர், கேள்வித்தாள் நிரப்புபவர் பங்கேற்பாளர். கேள்வியை வகுப்பதிலும் அளவுகோலைத் தேர்வதிலும் முடிவைப் புரிந்துகொள்வதிலும் உடன் இருப்பவர் ஆய்வுப் பங்காளி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பங்காளி என்றால் பங்கு கேட்க உரிமை உள்ளவர் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

ஓர் எல்லையையும் மறக்கக்கூடாது. எதைக் கேட்பது, எதை அளப்பது என்பதில் நோயாளியின் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால் விடையைத் தீர்மானிப்பது சான்று மட்டுமே. ஒரு கஷாயம் இனிப்புநீருக்கு நல்லது என்று நூறு பேர் நம்பலாம். அது ஆராயத்தக்க கேள்வி ஆகலாம், விடை ஆகாது.

மேசைக்கு வராதவர் யார்?

நோயாளிகளை அழைத்தோம் என்று சொன்னால் போதுமா? யாரை அழைத்தோம் என்பது அதைவிட முக்கியம்.

ஒரு கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நகரத்து மருத்துவமனையில், ஆங்கிலத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யார் வருவார்கள்? ஓய்வுபெற்ற, ஆங்கிலம் தெரிந்த, சொந்தக் கார் வைத்திருக்கும் சிலர் வருவார்கள். நாள்சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரமாட்டார். தோட்டப்புறத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டிய பாட்டி வரமாட்டார். சக்கர நாற்காலியில் இருப்பவர், காது கேளாதவர், பிள்ளையை விட்டுவர ஆளில்லாத தாய், யாரும் வரமாட்டார்கள். கூட்டக் குறிப்பில் மட்டும் பொதுமக்களின் கருத்து பெறப்பட்டது என்று எழுதப்படும்.

ஒரு பிரிவினர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒரு சான்று. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. தோலில் உள்ள மெலனின் நிறமியும் ஒளியை உட்கவரும். அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளின் அளவீடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது, வெள்ளை இனத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அது கண்டது. கருமையான தோல் உடையவர்களிடம் போதிய அளவு சோதிக்காத கருவி, அவர்களுக்குத்தான் தவறு செய்தது. நம் நாடுகளில் இது எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

மொழியும் அப்படித்தான். அசதியை அளக்கும் கேள்வித்தாளைத் தமிழில் பெயர்க்க வேண்டும். எந்தச் சொல்லைப் போடுவது? அசதி, களைப்பு, சோர்வு, அலுப்பு, தளர்ச்சி. அகராதியில் இவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பேச்சில் அப்படி இல்லை. களைப்பு வேலை செய்ததால் வருவது. அலுப்பு பிரயாணத்தாலும் வரும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும் வரும். சோர்வு என்றால் சிலர் மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால், கேள்வி ஒன்றாகவும் விடை வேறாகவும் போகும். ஆகவே நல்ல ஆய்வுக் குழு, தமிழ் பேசும் நோயாளிகளிடமே அந்தக் கேள்வியைக் கொடுத்து, இதைப் படித்ததும் உங்கள் மனத்தில் என்ன தோன்றியது என்று கேட்கும். அவர்களின் விடையைக் கொண்டு சொல்லைத் திருத்தும். உங்கள் தாத்தா பாட்டியின் தமிழ், இந்த இடத்தில் ஒரு துல்லியமான அறிவியல் கருவி.

பயன் தரும் கூட்டுப் பணிக்கு என்ன வேண்டும்?

அனுபவத்தில் தெளிந்த சில நடைமுறைகள் உண்டு.

முதலாவது, தொடக்கத்திலேயே அழைக்க வேண்டும். திட்டம் முடிந்த பிறகு கையெழுத்துக்கு மட்டும் அழைத்தால் அது வெறும் சடங்கு.

இரண்டாவது, ஒருவரை மட்டும் அழைக்கக்கூடாது. பத்து நிபுணர்கள் நடுவே தனியாக உட்கார்ந்தவர் வாய் திறக்கத் தயங்குவார். ஒருவரின் அனுபவம் எல்லாருடைய அனுபவமும் ஆகாது.

மூன்றாவது, பயணச் செலவும் நேரத்துக்குரிய ஊதியமும் தர வேண்டும். மேசையைச் சுற்றி இருக்கும் மற்ற எல்லாரும் சம்பளம் வாங்கித்தானே வந்திருக்கிறார்கள்?

நான்காவது, எளிய மொழியில் பேச வேண்டும். புரியாத சொல்லை நிறுத்திக் கேட்க இடம் இருக்க வேண்டும். வர முடியாதவரிடம் ஆய்வாளரே போக வேண்டும்: கோயில் மண்டபம், சமூக மன்றம், கிளினிக்கின் காத்திருப்பு அறை.

ஐந்தாவது, சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டது எது, ஏற்காதது எது, ஏன் என்று விளக்க வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

இதில் உங்களுக்கும் இடம் உண்டு. சிறார் நோய்கள் பற்றிய ஆய்வுகளுக்கு ஆலோசனை சொல்ல, பிரிட்டனில் உங்கள் வயதினரைக் கொண்ட இளையோர் குழுக்கள் இயங்குகின்றன. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விளக்கத் தாளைப் படித்து, எந்த வரி புரியவில்லை, எது பயமுறுத்துகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். பெரியவர் எழுதியதைப் பிள்ளை திருத்தும் இடம் அது.

செய்து பாருங்கள்

வீட்டிலோ உறவிலோ நீண்ட நாள் நோயோடு வாழும் மூன்று பெரியவர்களைத் தேர்ந்தெடுங்கள். இனிப்புநீர், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவலி எதுவாகவும் இருக்கலாம். முதலில் அனுமதி கேளுங்கள். பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். தாளில் பெயர் எழுத வேண்டாம்.

ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த நோயில் உங்களை அதிகம் சிரமப்படுத்துவது எது? ஆய்வாளர்கள் ஒரே ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்துத் தருவதாக இருந்தால், எதைக் கேட்பீர்கள்? அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். நீங்கள் அழகுபடுத்த வேண்டாம்.

பிறகு வகுப்பு நண்பர்கள் நால்வர் ஐவர் கூடி, எல்லாக் கேள்விகளையும் ஒன்றாக வையுங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேருங்கள். விடை ஏற்கெனவே உள்ளவை எவை என்று அறிவியல் ஆசிரியரிடமோ தாதியிடமோ கேட்டு நீக்குங்கள். மிச்சத்தை வரிசைப்படுத்துங்கள். வரிசையில் கருத்து வேறுபாடு வரும், வரட்டும். உங்கள் பட்டியலின் முதல் கேள்விக்கு ஓர் ஆய்வைத் திட்டமிட்டு, மூன்று மாறிகளையும் எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இது கேள்வி சேர்க்கும் பயிற்சி. இதைக் கொண்டு யாருடைய மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ சொல்லக்கூடாது.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. ஒரு மருந்து மூட்டு வீக்கத்தைக் குறைக்கிறது. ஆனால் அசதியைக் குறைக்கவில்லை. அந்த மருந்து பலன் தருகிறது என்று எழுதுவீர்களா? உங்கள் முடிவுக்குக் காரணம் என்ன?

2. எய்ட்ஸ் ஆய்வில் மாத்திரையைப் பங்கிட்டவர்கள் செய்தது சரியா, தவறா? ஆய்வாளர் முன்கூட்டியே எதை மாற்றியிருந்தால் அந்த நிலை வந்திருக்காது?

3. உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை உணவைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. மேசைக்கு யார் யாரை அழைப்பீர்கள்? நீங்கள் மறந்துவிடக்கூடியவர் யார்?

மூன்றாவது கேள்விக்குப் பலர் மாணவர்களையும் ஆசிரியர்களையும் எழுதுவீர்கள். சமைப்பவரை எழுதினீர்களா? காசில்லாமல் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே வராத மாணவனை எழுதினீர்களா? அடுத்த முறை அறிவியல் ஏட்டில் மாறிகளை எழுதும்போது, சார்பு மாறி என்ற வரியில் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அங்கே எழுதப்போவதைப் பற்றி இன்னும் யாரிடம் கேட்க வேண்டும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.